மூன்று வசனச் சங்கீதம்

ஆகஸ்ட் 19, திங்கள்

குருமனையில் கரையான். போதகர் குடியிருக்கும் வீட்டைச் சபை மக்கள் குருமனை என்பார்கள். பேர்தான் பெரிது, புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஈரம். இங்கே போதகர் என் வீட்டுக்காரர், என் அத்தான். திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு நாள். இருவருமாகப் புத்தகங்களை எடுத்து முற்றத்து வெயிலில் பரப்பினோம். மகள் மீமா ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். உதவி செய்கிறாளாம்.

கரையான் தொடாதவை அத்தானின் எபிரெயப் புத்தகங்கள் மட்டும்தான். ஒரு பாடநூல், ஒரு வேதாகமம், செங்கல் கனத்தில் ஓர் அகராதி.

"பாத்தியா இவா, கரையானுக்கே புரியல" என்று என் பேரைச் சொல்லிச் சிரித்தார்.

இறையியல் கல்லூரியில் இந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று கேட்டேன். ஒரு புத்தகத்தின் தூசியைத் தட்டிக்கொண்டே, "நாப்பத்தொண்ணு" என்றார். நாற்பது எடுத்தால் பாஸாம்.

மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மீமா பால் குடிக்கும்போது எனக்கு ஒரு கை சும்மா இருக்கிறது. போனை எடுத்தால் பிடுங்குகிறாள். படமில்லாத புத்தகத்தை அவள் மதிப்பதில்லை. அத்தானிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்த தலைக்குள் இரண்டு வருடமாகத் தடுப்பூசித் தேதிகளைத் தவிர புதிதாக எதுவும் போகவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுத்துகள் முடிந்தன. இருபத்திரண்டுதான். தமிழை ஒன்றாம் வகுப்பிலேயே கரைத்துக் குடித்தவளுக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்தேன். பொருட்டுதான். தாலேத்தும் ரேஷும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, யார் யாரென்று தெரியவில்லை. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மீமா இன்றும் இட்லியைத் துப்பினாள். கடைவாய்ப் பல் வருகிறது போல.

செப்டம்பர் 11, புதன்

இன்று ஒரு சந்தோஷம். எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

வேதாகமத்தின் முதலாம் சங்கீதப் பாட்டில் வேதத்தைத் தியானிக்கிறவன் என்று வருகிறதே, அந்தத் தியானத்துக்கு எபிரெயத்தில் என்ன சொல் என்று அகராதியில் தேடினேன். ஹாகா. கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்காருவதில்லையாம். வாய்க்குள் முணுமுணுப்பது. புறா குனுகுவதற்கும் அதே சொல். சிங்கம் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுவதற்கும் அதே சொல். தியானம் என்றால் சத்தம்!

நான் இதுவரை அமைதியாக உட்காரத் தெரியாததால்தான் தியானம் வரவில்லை என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்தால் உடனே மீமா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கத் தோன்றும். இப்போது பார்த்தால், அவள் பால் குடிக்கும்போது ம்ம் ம்ம் என்று ஒரு சத்தம் போடுகிறாளே, அதுதான் முதலாம் சங்கீதம். என் மடியில் ஒரு குட்டிப் பக்திமான்.

காலையில் அத்தானிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

செப்டம்பர் 15, ஞாயிறு

புறாவும் சிங்கமும் இன்று பிரசங்கத்தில் வந்தன. ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஞானசொரூபி அக்கா என்னிடம் வந்து, "ஐயரம்மா, நம்ம ஐயா எபிரெயமெல்லாம் படிச்சு வச்சிருக்காங்க, இத்தன நாள் வெளிய காட்டலையே!" என்றார். சபையில் போதகர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா.

"ஆமாக்கா, ரொம்ப அடக்கம்" என்றேன்.

மத்தியானம் மீன்குழம்பில் அத்தானுக்கு மட்டும் முள் துண்டு வைத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மனுஷன் பிரசங்க மேடையில் ஏறி, "போன வாரம் சொன்னது என் சொந்தச் சரக்கு இல்ல, என் மனைவி கண்டுபிடிச்சது, அவங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன்" என்று சபைக்கு முன்னால் அறிக்கையிட்டார். நான் மீமாவின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

வினை அதில்தான் வந்தது. சொரூபி அக்கா அங்கேயே, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பிடித்துவிட்டார். நவம்பர் கடைசிப் புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் நான்தான் செய்தி கொடுக்க வேண்டுமாம். "சங்கீதத்துல ஒண்ணு எடுத்து, அந்த எபிரெயத்த அவுத்து விடுங்க" என்றார். தையல் கடை நடத்துகிறவர். பேச்சும் அளவெடுத்து வெட்டின மாதிரிதான் இருக்கும், மறுக்க ஓரம் விடமாட்டார்.

நாற்பது பெண்களுக்கு முன்னால் நான் பேசுவதா? இருப்பதிலேயே சின்னச் சங்கீதத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். 117, இரண்டே வசனம். அதைப் போன மாதம்தான் ஆர்மோனியம் வாசிக்கிற கிறிஸ்டல் எடுத்துவிட்டாளாம். அவளும் என்னைப் போல்தான் தேடியிருக்கிறாள். அடுத்தது 131. மூன்று வசனம். பேர் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 8, செவ்வாய்

மீமாவுக்கு ரத்தம் குறைவு. ஹீமோகுளோபின் எட்டரை. எடையும் ஆறு மாதமாக அப்படியே நிற்கிறது.

டாக்டர் அதட்டவில்லை. "ரெண்டு வயசு ஆகப் போகுது. பால்லயே வயிறு நெறஞ்சிருது, அப்புறம் சோறு எங்க இறங்கும்? இரும்புச் சத்து சொட்டு தாறேன். ஆனா பால நிறுத்துங்கம்மா. நீங்க நிறுத்தினாத்தான் அவ சாப்பிடுவா" என்றார்.

அவள்தான் விடமாட்டேன் என்கிறாள் டாக்டர், என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வரும் வழியில் ஆட்டோவில் சிணுங்கினாள். வெயில். பாவமாக இருந்தது, கொடுத்தேன். இது கணக்கில் சேராது.

அக்டோபர் 9, புதன்

சங்கக் கூட்டத்தில் விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. பால் மறக்கடிக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வேப்பெண்ணெய் தடவு. பிளாஸ்திரி ஒட்டு. மையைப் பூசி "பூச்சாண்டி கடிச்சிட்டான்" என்று சொல். பிள்ளையைப் பத்து நாள் மாமியார் வீட்டில் விடு. தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

வேப்பெண்ணெய் தடவினேன். வாடை தாங்கவில்லை. பிள்ளை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமோ. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். குடித்தாள். இந்த முறை அவளுக்கு ஒத்துவரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நூற்று முப்பத்தொன்றாம் சங்கீதத்தை இன்றுதான் நின்று வாசித்தேன். எத்தனையோ தரம் வாசித்ததுதான், ரயில் ஜன்னலில் போகிற ஊர் மாதிரி.

பால் மறந்த குழந்தை! மூன்று வசனத்தில் நடு வசனம் முழுக்க அதுதான், என் ஆத்துமா தாயின் பால் மறந்த குழந்தையைப்போல் இருக்கிறது என்று. நூற்றைம்பது சங்கீதம் இருக்க, சின்னது வேண்டுமென்று தேடிப் போய் இதன்மேல் விழுந்திருக்கிறேன்.

'மறந்த' என்ற சொல்லுக்கு மேல் போகவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். சங்கீதத்தை மாற்றிக் கொடுத்தால் சொரூபி அக்கா கேட்பாரா?

அக்டோபர் 24, வியாழன்

கேட்கமாட்டாராம். நோட்டீஸ் அடித்தாயிற்றாம்.

சரியென்று அகராதியைத் திறந்தேன். பால் மறந்த குழந்தைக்கு எபிரெயத்தில் காமுல். அதன் வேரைத் தேடிப் போனால் மறப்பது என்ற அர்த்தமே அங்கே இல்லை! ஒருவருக்குச் செய்ய வேண்டியதை நிறைவாகச் செய்து முடிப்பது. நன்மை செய்வது. அப்புறம், பழுப்பது. ஆரோனின் கோலில் வாதுமை பழுத்ததே, அங்கே இதே வினைச்சொல். பூ உதிர்ந்து புளிப்புத் திராட்சைக்காயாகி முற்றுவதற்கும் இதே சொல். இன்னும் கேளுங்கள் (யாரிடம் சொல்கிறேன்?): நூற்று மூன்றாம் சங்கீதத்தில் கர்த்தர் செய்த உபகாரங்கள் என்று வருகிறதே, அந்த உபகாரமும் இந்த வேரில் முளைத்ததுதான்.

அப்படியென்றால் பாலை நிறுத்துவது பறிப்பது இல்லை. கொடுத்து முடிப்பது. தாய் வயிறு நிறைய, மனசு நிறையக் கொடுத்தாள், பிள்ளை பழுத்தது.

அத்தான் கண்ணாடிக்கு முன்னால் முகத்தில் நுரையோடு நின்றார். ஓடிப் போய், "மறக்கிறது இல்ல அத்தான், பழுக்கிறது!" என்றேன்.

"எது?"

"குழந்தை!"

"காலங்காத்தால ஒண்ணும் புரியல. நாப்பத்தொண்ணு மார்க்காரன்ட்ட மெதுவாச் சொல்லு."

மெதுவாகச் சொன்னேன். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துபோகும் வரை கேட்டார். "நல்லா இருக்கே! அப்போ நிறுத்திருவோமா?" என்றார்.

நான் சொல்லைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

படித்தது தாவரவியல். காய் பழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காம்புக்கும் கிளைக்கும் நடுவில் ஒரு செல் அடுக்கு உருவாகும். அது பிரியும். பழம் விழும். மரத்துக்கு வலிக்காது என்று பேராசிரியர் சொன்னார். அவர் மரத்தைக் கேட்டாரா தெரியாது.

நவம்பர் 3, ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை. சண்டை.

போன ஞாயிறு மத்தியானம் மீமா முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். எறும்பு வரிசைக்குப் பின்னால் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். நான் "மீமா, பாச்சி வேணுமா?" என்று பால் குடிக்கக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அத்தான்.

அத்தான் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்கவில்லை. "அவ கேக்கலையே இவா" என்றார்.

அதற்கு நான் எதை எதையோ பேசினேன். நீங்கள் சபையைத் தூக்கிச் சுமக்கிறீர்கள், உங்களைப் பார்த்தால் அவள் சிரிக்கிறாள், தோளில் ஏறுகிறாள், உங்களிடம் வேடிக்கை இருக்கிறது. என்னிடம் வருவது இதற்குத்தான். இதுவும் போனால்? என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

பிறந்தவுடன் மீமாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் ஊசி போட்டார்கள், நர்ஸ்மார் எடை போட்டார்கள், அத்தான் முழங்காலில் நின்றார், சபை உபவாசம் இருந்தது. நான் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால் பிழிந்து கொடுத்தேன். அது ஒன்றுதான் நான் செய்தது. அது ஒன்று சரியாக நடந்தது.

இதைச் சொன்னபோது அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். சமாதானம் சொல்ல வந்தவர் மாதிரி இல்லை. "எனக்கு அந்தக் கிண்ணத்தப் பாத்தா பொறாமையா இருந்துச்சு, தெரியுமா? என்கிட்ட ஜெபந்தான் இருந்துச்சு. உன்கிட்ட கொண்டு போய்க் கொடுக்க ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

நாளைக்கு நிறுத்துகிறேன். நான்தான் நிறுத்துகிறேன். டாக்டரும் இல்லை, வேப்பெண்ணெயும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

அழுதாள். நானும்.

நவம்பர் 5, செவ்வாய்

அத்தான்தான் தூங்க வைத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான். நாற்பத்தேழாம் ஞானப்பாட்டிலிருந்து தொடங்கி வரிசையாகப் பாடினார், ராகம் தப்பித் தப்பி. தாலாட்டு ஒன்றாவது கற்றிருக்கலாம்.

நவம்பர் 7, வியாழன்

பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. தொட முடியவில்லை, காய்ச்சல் வருகிற மாதிரி. சொரூபி அக்காவுக்குப் போன் செய்தேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார், கையில் மூன்று முழம் மல்லிகை.

"தலைக்கா அக்கா?"

"தலைக்கு இல்ல. உள்ள வச்சுக் கட்டுங்க. வாடுனா மாத்துங்க. பால் தானா வத்தும்" என்றார். நான் முழித்ததைப் பார்த்து, "எம்.எஸ்சி.ல பூவப் பத்திப் படிச்சீங்கதான? இத விட்டுட்டாங்களா?" என்று சிரித்தார்.

வீடு முழுக்கக் கல்யாண மண்டப வாசனை. அத்தான் உள்ளே வந்தவர் மூக்கை உறிஞ்சி, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். சொன்னேன். அவர் காது சிவந்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். சிரித்தால் வலிக்கிறது. இருந்தாலும் சிரித்தேன்.

ரவிக்கைக்குள் மல்லிகையோடு எபிரெயம் படிக்கிறவள் தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பால் வற்றுகிறது. வலி இல்லை. அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

என்னிடம் வருவதையும்தான்.

நவம்பர் 14, வியாழன்

இரண்டு தோசை தின்றாள், முட்டை தின்றாள். எல்லாம் அவள் அப்பா கையால். நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை, கோபம் எனக்குப் புரியும். என்னைப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பார்க்கிறாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறாள்.

நல்லதுதானே, தின்கிறாளே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

வேறு எதுவும் தோன்றாமல் அந்த மூன்று வசனத்தை எபிரெயத்தில் சொல் சொல்லாக மறுபடி எழுதிக்கொண்டு வந்தேன். பேசியாக வேண்டுமே. அப்போதுதான் பார்த்தேன். காமுல் என்பதை அடுத்து இரண்டு சின்னச் சொற்கள். அலே இம்மோ. 'தன் தாயின்மேல்.'

நம் வேதாகமத்தில் தாயின் பால் மறந்த குழந்தை என்று ஒன்றாகச் சேர்ந்துபோனதால் நான் இதைக் கவனிக்கவே இல்லை. தன் தாயின்மேல் இருக்கிற பால் மறந்த குழந்தை. பால் நின்ற பிறகும் அது அங்கேதான் இருக்கிறது. அவள்மேல் சாய்ந்து. பழுத்தும் விழவில்லை.

பால் குடிக்கிற குழந்தை தாய் மடியில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தலை முட்டும், வாய் தேடும், கை பிறாண்டும். கிடைக்கும் வரை அவளைப் பார்க்கக்கூட நேரமிருக்காது. இது வேறு குழந்தை. இதற்கு அவளிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை. இருந்தும் வந்திருக்கிறது. அவளுக்காகவே வந்திருக்கிறது. என் ஆத்துமா அப்படி இருக்கிறது என்கிறார் சங்கீதக்காரர்.

நான் என்றைக்காவது கடவுளிடம் அப்படிப் போயிருக்கிறேனா? காய்ச்சல் குறையட்டும், எடை ஏறட்டும், மூச்சு சீராகட்டும். இரண்டு வருடமாக முட்டுகிறேன், பிறாண்டுகிறேன். அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அழகான வசனம். என் வீட்டில் மட்டும் அது பொய்யாக இருக்கிறது. மீமா அடுத்த அறையில் அவள் அப்பாமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 23, சனி

அசன பண்டிகை. ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து சபை முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். விடியும்போதே கோயில் வளாகத்தில் ஆண்கள் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. உப்பளத்து முதலாளிக்குப் பக்கத்தில் உப்பு அள்ளுகிற அக்கா, அவருக்குப் பக்கத்தில் கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு. எல்லாருக்கும் ஒரே இலை, ஒரே கரண்டி.

நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மீமாவைச் சொரூபி அக்கா மடியில் வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால், இலையில் குனிந்து, இரண்டு கையாலும் குழம்புச் சோற்றை அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருக்கிறாள்! மூக்கில் சோறு. கண்ணில் தண்ணீர், காரம். உறைக்கிறது என்று அழுகிறாள், அழுதுகொண்டே அடுத்த பிடியை அள்ளுகிறாள்.

"ஏ, ஐயர் பிள்ள எலும்பு கேக்கு!" என்று யாரோ கத்தினார்கள். எலும்பு வந்தது. கறியைப் பிய்த்து வாயில் வைக்க வைக்க வாங்கினாள். பந்தி முழுக்கச் சிரிப்பு. வாளியோடு வந்தவர்கள் எல்லாரும் அவள் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் என் காதருகே வந்து, "ஈசாக்கு பால் மறந்த அன்னைக்கு ஆபிரகாம் விருந்து வச்சார்னு ஆதியாகமத்துல இருக்குல்லா? நமக்கு சபையே வச்சிருக்கு. செலவு மிச்சம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் சூப்பிரண்டு மடியில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

இவ்வளவு சந்தோஷத்திலும் ஒன்றை எழுத வேண்டும். கைகழுவ நான் தூக்கப் போனபோது அவள் சொரூபி அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பர் 26, செவ்வாய்

நாளைக் கூட்டத்துக்கு 131 வேண்டாம், வேறு ஏதாவது பேசிவிடுகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். பால் நின்ற பிள்ளை தாயிடம் வரும் என்று நான் எந்த முகத்தோடு சொல்ல?

"வந்துருச்சுன்னு சொல்லாத. வரும்னு எழுதியிருக்குன்னு சொல்லு. இன்னும் வரலன்னும் சொல்லு. நானெல்லாம் வாராவாரம் அதத்தான் செய்யுதேன்" என்றார்.

நவம்பர் 27, புதன்

பேசிவிட்டேன். காமுலைச் சொன்னேன், வாதுமையைச் சொன்னேன், அலே இம்மோவைச் சொன்னேன். அப்புறம் எழுதி வைத்திருந்ததை மூடிவிட்டு, என் பிள்ளை இரண்டு வாரமாக என்னிடம் வரவில்லை, நான் காத்திருக்கிறேன், கடவுளும் என்னிடம் இப்படித்தான் காத்திருந்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது என்றேன். உட்கார்ந்துவிட்டேன். முடிப்பு ஜெபம்கூடச் செய்யவில்லை.

பிறகு கிறிஸ்டல், "என் மூத்தவன் ஒரு மாசம் என்னைய 'அத்தை'ன்னு கூப்பிட்டான்" என்றாள். அவ்வளவுதான், கூட்டம் உடைந்தது. ஒருத்தர் மகன் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுக் குடித்தானாம். ஒருத்தர் மகளுக்கு வேப்பெண்ணெய் பிடித்துப் போய் இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னாளாம். உப்பளத்து ரோஸ்மணி அக்கா, தன் கடைக்குட்டி நாலு வயது வரை குடித்துவிட்டு ஒரு நாள் தானாகவே வந்து, 'போதும்மா, நீ வேலைக்குப் போ' என்று சொன்னதாகச் சொன்னார். சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம்.

சொரூபி அக்கா மட்டும் சிரிக்காமல் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. எப்படி மறந்தேன் என்று எனக்குப் பதறியது. கலையும்போது பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்க ஒண்ணும் இல்லாம வந்து சும்மா சாஞ்சிருக்கது. எனக்கு இது புரியுது ஐயரம்மா. கேட்டுக் கேட்டு ஓஞ்சப்புறம் நான் அப்படித்தான் இருக்கேன். அதுக்கு ஒரு சங்கீதம் இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றார்.

அவருடைய கையை நான் விடவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

காலை பதினொரு மணி இருக்கும். பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தான் ஏணியில் நின்று கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். மீமா ஏணிக்குக் கீழே நின்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை.

தானாக நடந்து வந்தாள். என் முன்னால் நின்றாள். கீரைத் தட்டை ஒரு கையால் தள்ளினாள். திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி என் மடியில் உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பித் தலையை என் நெஞ்சில் சாய்த்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "தண்ணி வேணுமா?" என்றேன்.

"ஆணாம்."

அவளுக்கு 'வே' இன்னும் வராது. "பிஸ்கட்?"

"ஆணாம்."

"அப்பாட்ட போகணுமா? நட்சத்திரம் பாக்கணுமா?"

"ஆணாம்."

கேட்கக் கூடாதென்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "பாச்சி?"

தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அந்த இடத்திலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. புருவத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், மூக்கில் ஒட்டியிருந்த கீரை இலையை எடுத்தாள்.

"ஆணாம்மா" என்றாள்.

மறுபடியும் சாய்ந்துகொண்டாள். நானும் கேட்பதை நிறுத்தினேன். அவளிடம் மட்டும் இல்லை, எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்பதை. மூச்சு சீராக இருக்கிறதா என்று எண்ணவில்லை. உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று பேரும் அங்கே இருந்தோம், நான், என்மேல் அவள், எனக்குக் கீழே என்னைத் தாங்கிக்கொண்டிருந்த கடவுள்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கினாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏணிப் பக்கம் போனாள். போகிறாளே என்று எனக்குப் பதறவில்லை.

ஏணி மேலிருந்து அத்தான், "என்ன கேட்டா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல அத்தான்" என்றேன்.